பச்சை மண்ணில் பதிந்த விரல்: ‘ஜெய் பீம்’ திரைப்படமும் பிள்ளைகள் கண்ட காவல் நிலையமும்

கலைப்படைப்பு ஒன்றை மதிப்பிடுகையில், அது எதைக் காட்டுகிறது என்று கேட்பதோடு எதைக் காட்டாமல் விடுகிறது என்றும் கேட்பது திறனாய்வின் கடமை. 2021ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தைப்பற்றி எழுதப்பட்டவை ஏராளம். சட்டம் பயின்றோர் ஆட்கொணர்வு மனுவின் ஆற்றலைப் புகழ்ந்தனர். அரசியலார் ஒரு காட்சியில் தொங்கிய நாட்காட்டியின் சின்னத்தைப்பற்றி வழக்காடினர். அவற்றைத் திரும்பக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்படத்தில் மிகக் குறைவாகப் பேசும் ஒரு பாத்திரத்தை, அல்லி என்னும் சிறுமியை, நடுவில் நிறுத்திப் பார்த்தால் நமக்கு என்ன விளங்கும்? காவல் நிலையத்தைச் சிறு வயதில் கண்ட ஒரு பிள்ளைக்குள் அது எவ்வளவு காலம் தங்கும்? திருப்பணி ஆற்றுவோருக்கும் அதற்கென ஆயத்தம் பெறுவோருக்கும் இக்கேள்வியில் பங்கு உண்டு என்பதை இறுதியில் காண்போம்.

1. நிகழ்ந்த இடம்

படத்தின் மூலக் கதை விருத்தாசலத்துக்கு அண்மையில் நிகழ்ந்தது. விருத்தாசலம் பழமைக்குப் பேர்போன ஊர். முதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். மணிமுத்தாறு அதன் அருகே ஓடுகிறது. கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளாக அது பீங்கான் நகரமாகவும் அறியப்படுகிறது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண் அண்மையிலேயே கிடைப்பதால் இங்கே பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. அத்தொழிலைக் கற்பிக்க அரசினர் கல்விநிலையமும் அமைந்தது. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை எனப் பலவும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவருகின்றன.

இவ்வூருக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்டது கம்மாபுரம். 1993ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் முதனை என்னும் சிற்றூரைச் சேர்ந்த இராஜாக்கண்ணு என்பவர், நகைத் திருட்டு ஒன்றின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். குறவர் குலத்தவரான அவர் கூலி வேலை செய்து பிழைத்தவர். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று காவலர் கூறினர். அவருடைய உடலோ மாவட்ட எல்லைக்கு அப்பால் மீன்சுருட்டிப் பக்கம் கிடந்தது. அவருடைய மனைவி பார்வதி அம்மையார், உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களின் துணையோடும், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துருவின் துணையோடும் நீதிமன்றப் படி ஏறினார். வழக்கு 2006 வரை, ஏறத்தாழ 13 ஆண்டுகள் நடந்தது. காவலர் தண்டனை பெற்றனர். கணவரை மட்டுமன்றித் தம்மையும் தம் பிள்ளைகளையும் உறவினரையும் அடித்தனர் என்று அம்மையார் பின்னாளில் கூறியிருக்கிறார்.

பிள்ளைகளையும் என்னும் இச்சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டும். தீர்ப்பு வந்த நாளில் அப்பிள்ளைகள் பிள்ளைகளாக இல்லை. அவர்கள் வளர்ந்த காலம் முழுவதையும் வழக்கு எடுத்துக்கொண்டது.

2. படம் நன்கு கண்டவை

இயக்குநர் த. செ. ஞானவேல் தம் படத்தைச் சிறைவாசலில் தொடங்குகிறார். விடுதலையாகி வெளியே வருவோரிடம் சாதி கேட்கப்படுகிறது. ஆதிக்கச் சாதியார் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் ஒதுக்கி நிறுத்தப்பட்டு, முடிக்கப்படாமல் கிடக்கும் பழைய வழக்குகளுக்கு ஆளாகப் பங்கிடப்படுகிறார்கள். இது நடப்பது வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் கண்முன்னே. குற்றம் செய்தமையால் ஒருவன் காவலரைச் சந்திக்கிறான் என்னும் நம் பொது நம்பிக்கையை இத்தொடக்கம் உடைத்துவிடுகிறது. இம்மக்களுக்குச் சந்திப்பு முன்னே வருகிறது. குற்றம் பிறகு தேடித் தரப்படுகிறது.

இரண்டாவது, செங்கேணி நடக்கும் காட்சி. மேலிடத்து ஆணை வந்தபின் அவளை மரியாதையோடு வீட்டில் விடவேண்டிய நிலைக்குக் காவலர் வருகின்றனர். வண்டியில் ஏறும்படி வேண்டுகின்றனர். நிறைமாதக்காரியான அவளோ மறுத்து, மகளோடு நடந்தே செல்கிறாள். வண்டி பின்னே ஊர்ந்து வருகிறது. இக்காட்சியைக் கண்டபோது பிலிப்பி பட்டணத்தில் பவுல் செய்ததே என் நினைவுக்கு வந்தது (அப்போஸ்தலர் 16:35-39). அடித்துச் சிறையிலிட்டவர்கள் மறுநாள் ஓசையின்றி வெளியே போகச் சொன்னார்கள். பவுல் போகவில்லை, அவர்களே நேரில் வந்து அழைத்துச் செல்லட்டும் என்றார். வெளிப்படையாகச் செய்யப்பட்ட அவமானம் வெளிப்படையாகவே நீக்கப்பட வேண்டும் என்பது அப்போஸ்தலனின் எண்ணம். செங்கேணி வேதம் அறியாள்; ஆயினும் அதே நீதியை அவள் கால்கள் அறிந்திருந்தன. அவள் பக்கத்தில் மகள் நடக்கிறாள் என்பது முக்கியமானது. காக்கி உடைக்கு அஞ்சவேண்டும் என்று கற்ற பிள்ளை, அதை மறுத்து நடக்கவும் கூடும் என்று அன்று கற்றுக்கொள்கிறது. லிஜோமோள் ஜோஸ் இப்பாத்திரத்தை மிகையின்றி நடித்திருப்பது பாராட்டுக்குரியது.

3. படம் விரைந்து கடந்தவை

இவ்வளவு கண்ட படம், பிள்ளையின் உள்ளத்தை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறது. காவல் நிலையக் கொடுமைகள் நெடுநேரம் காட்டப்படுகின்றன. அடிபடும் உடல்கள் எல்லாம் பெரியவர்களுடையவை. சிறுமியின் முகம் நம் கண்ணீரை வரவழைப்பதற்காக இடையிடையே வந்து போகிறது. அவள் இரவில் எப்படி உறங்கினாள், பள்ளிக்கு மீண்டும் எப்படிப் போனாள், தெருவில் காக்கி உடையைக் கண்டபோது என்ன செய்தாள் என்பவற்றுக்குப் படத்தில் இடம் இல்லை. பின்பாதி நீதிமன்றத்துக்குச் சொந்தமாகிறது. அங்கே வாதம் உண்டு, சாட்சி உண்டு, வெற்றி உண்டு. ஆட்கொணர்வு மனு என்பது ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் மனு. இவ்வழக்கில் ஆள் வரவில்லை. உண்மை மட்டுமே வந்தது. அவ்வெற்றி பெரிதுதான். பிள்ளையின் கணக்கில் அது எவ்வளவு என்பது வேறு கேள்வி.

இறுதிக் காட்சியைப் பலரும் வியந்தனர். வழக்கறிஞர் நாற்காலியில் அமர்ந்து, கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளைப் பிரிக்கிறார். எதிரே தயக்கத்தோடு இருந்த அல்லி அவரைப் பார்த்து, தானும் அவ்வாறே அமர்ந்து, தாளை எடுத்து விரிக்கிறாள். இக்காட்சியின் சமூகப் பொருளை நான் குறைக்கவில்லை. அமர்தல் என்பதே மறுக்கப்பட்ட மக்களுக்கு அமர்வது ஓர் அறிக்கைதான். ஆனால் திறனாய்வாளன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே அசைவில் பிள்ளை எழுந்துவிட்டது என்று எண்ணி வீட்டுக்குப் போக இக்காட்சி நமக்கு அனுமதி அளிக்கிறதல்லவா? நம் மனச்சுமையை இறக்கிவைக்க அச்சிறுமியின் நாற்காலி பயன்பட்டுவிட்டதோ என்னும் ஐயம் எனக்கு நீங்கவில்லை.

ஒப்புநோக்குக்கு இன்னொரு படைப்பைச் சுட்டலாம். கோவையைச் சேர்ந்த மு. சந்திரகுமார் இளைஞராயிருந்தபோது, 1983இல், பிழைப்புத் தேடிச் சென்ற குண்டூரில் பிடிக்கப்பட்டுப் பல நாள் வதைக்கப்பட்டார். பின்னர் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதை ‘லாக்கப்’ என்னும் நூலாக எழுதினார். அதுவே வெற்றிமாறனின் ‘விசாரணை’ திரைப்படத்துக்கு மூலமாயிற்று. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. சில நாள் அனுபவம் சொல்லாக வெளிவர இருபது ஆண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது. ‘விசாரணை’ நமக்கு ஆறுதல் தரவில்லை என்று குறை கூறியோர் உண்டு. காயத்தின் கால அளவை அறிந்தவன் எழுதிய கதை அது என்பதே அதற்கு விடை.

4. துப்பட்டியை விட்டோடிய வாலிபன்

பிள்ளைப் பருவத்தில் ஆயுதம் தாங்கியோரைச் சந்தித்தவனின் கதை ஒன்று திருமறையிலேயே இருக்கிறது. கெத்செமனேயில் இயேசுவைப் பிடித்த இரவில், ஒரு துப்பட்டியை மட்டும் போர்த்தியிருந்த வாலிபன் ஒருவன் அவரைப் பின்தொடர்ந்தான். அவனைப் பிடித்தார்கள். அவனோ துணியை அவர்கள் கையில் விட்டு நிர்வாணமாய் ஓடிப்போனான் (மாற்கு 14:51-52). மத்தேயுவும் லூக்காவும் இதைச் சேர்க்கவில்லை. மீட்பின் வரலாற்றுக்கு இச்செய்தி எதற்கு என்று விளக்கவுரையாளர் பலரும் திகைத்திருக்கின்றனர்.

அவ்வாலிபன் நற்செய்தியாளன் மாற்குவே என்பது ஒரு பழைய ஊகம். அதை மெய்ப்பிக்க வழியில்லை. ஊகமாகவே அதை வைத்துக்கொள்வோம். அப்படியாயின் பின்வருவன ஒரு வரிசையில் நிற்கின்றன. மாற்கு எனப்பட்ட யோவான் பெர்கே பட்டணத்தில் பவுலை விட்டுத் திரும்பிப் போனான் (அப்போஸ்தலர் 13:13). காரணம் சொல்லப்படவில்லை. அடுத்த பயணத்தில் அவனைச் சேர்க்கப் பவுல் மறுத்தார், பர்னபா விடவில்லை, அதனால் இருவரும் பிரிந்தனர் (15:37-39). ஒருமுறை பிடிபட்டு ஓடியவன் மறுமுறை ஆபத்து நெருங்கியபோது மீண்டும் ஓடியிருக்கலாம். பவுல் அவனிடத்தில் நம்பத்தகாதவனைக் கண்டார். பர்னபா காயம்பட்டவனைக் கண்டார். பல ஆண்டுகளுக்குப்பின் அதே பவுல், மாற்குவை அழைத்துவா, அவன் ஊழியத்தில் எனக்குப் பயனுள்ளவன் என்னும் பொருள்பட எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). இடைப்பட்ட ஆண்டுகளில் பர்னபா அவனோடு இருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

ஊகத்தை விட்டுவிட்டாலும் மாற்குவின் சொற்களில் ஓர் அமைப்பு உண்டு. ஓடிய வாலிபனைக் குறிக்கும் ‘நெயானிஸ்கோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் இந்நற்செய்தியில் இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது. உயிர்த்தெழுதலின் காலையில் கல்லறைக்குள் வெள்ளையங்கி தரித்து, வலதுபுறம் அமர்ந்திருந்த வாலிபனுக்கு அது வழங்கப்படுகிறது (16:5). அவன் விட்டோடிய துணியின் பெயராகிய ‘சிந்தோன்’ என்பதே இயேசுவின் உடலைச் சுற்றிய துணிக்கும் பெயர் (15:46). அம்மணமாக ஓடியவன் உடுத்தப்பட்டு அமர்கிறான். அவன் இழந்த துணியில் ஆண்டவர் கிடத்தப்படுகிறார். இரு வாலிபரும் ஒருவரே என்று நான் சொல்லவில்லை. இத்தொடர்பை நற்செய்தியாளன் நம் செவிக்கு விட்டுச்செல்கிறான் என்றே சொல்கிறேன்.

அமர்ந்திருக்கும் அல்லியும் அமர்ந்திருக்கும் வாலிபனும் ஒரே நம்பிக்கையின் உருவங்கள். ஆனால் மாற்கு அமர்தலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு சிலுவையையும் ஒரு கல்லறையையும் வைக்கிறான். அதற்குப் பின்னும் பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். அஞ்சி ஒருவரிடமும் பேசவில்லை (16:8). அச்சத்தை அவ்வளவு எளிதில் முடித்துவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. திரைப்படத்தின் முடிவில் நான் தேடிக் கிடைக்காதது இந்தத் தயக்கமே.

5. மாற்றப்பட்ட பெயர்கள்

படம் மூலக் கதையில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. நமக்கு இரண்டும் முக்கியம்.

குறவர் குலத்து இராஜாக்கண்ணு படத்தில் இருளர் ஆகிறார். இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. இருளர் பட்ட பாடும் இதே வட்டாரத்துச் செய்திதான். 2011 நவம்பரில் திருக்கோவிலூர்ப் பகுதி இருளர் பெண்கள் காவலர்மீது கூறிய புகார் நாடறிந்தது. ஆயினும் இம்மாற்றத்தால் ஒரு வரலாற்றுச் சரடு அறுந்தது. திருட்டு என்றால் முதலில் குறவர் குடிசைக்குப் போகும் பழக்கம் 1993இல் பிறந்ததன்று. 1871இல் வட இந்தியாவில் இயற்றப்பட்டு, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப்பரம்பரைச் சட்டம் அதற்கு வித்திட்டது. குறிக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன் கைரேகை பதிக்க வேண்டும்; இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் கள்ளர் இதை எதிர்த்தபோது துப்பாக்கிச்சூட்டில் பலர் மாண்டனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடெங்கும் 1952இலும் நீங்கியது. காவல் நிலையத்தின் நினைவு அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

இங்கே திருச்சபை தலைகுனிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1911ஆம் ஆண்டுச் சட்டம், குறிக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதற்கு உட்பட்டனர். இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புகள் பலவற்றை நடத்தியவர்கள் மிஷனெரிகள். இரட்சணிய சேனை இதில் முன்னின்றது. குறவரோடு ஒத்த குலத்தவராகக் கருதப்பட்ட எருகுலருக்காக ஆந்திரப் பகுதியில் ஸ்டுவர்ட்டுபுரம் அமைந்தது. அங்கே நிலம், பள்ளி, மருத்துவம் தரப்பட்டன என்பதையும், ஊழியர் பலர் மெய்யான அன்போடு உழைத்தனர் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளை ஒன்று தன் வாழ்வின் தொடக்கத்திலேயே காவலரின் பதிவேட்டையும் வேதப் புத்தகத்தையும் ஒரே வாசலில் சந்தித்தது. அப்பிள்ளைக்கு நற்செய்தி எத்தகைய குரலில் கேட்டிருக்கும் என்று நம் சபை வரலாற்று நூல்கள் அதிகம் கேட்டதில்லை.

இரண்டாவது மாற்றம், வதைத்த காவல் அலுவலரின் பெயர். மெய்யான வழக்கில் அவர் தாங்கியிருந்தது கிறிஸ்தவப் பெயர் என்பது படம் வெளியானபின் எழுந்த விவாதத்தில் எங்கும் பேசப்பட்டது. படத்தில் வேறு பெயர் இடப்பட்டது. அதுபற்றிச் சாதி வழக்கு மூண்டது. அவ்வழக்கில் நாம் நுழையவேண்டா. நாம் கேட்கவேண்டியது நம்மைக் குறித்தது. பெயர் மாறியதில் திருச்சபைக்குள் ஓர் அமைதி உண்டாயிற்றல்லவா? நம் பிள்ளைகளுக்கு நாம் இட்ட பெயர் ஒன்று அந்தப் பூட்டறையில் இருந்தது. அவர் எச்சபையைச் சேர்ந்தவர், எவ்வளவு விசுவாசி என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. ஞானஸ்நானத்தில் இடப்படும் பெயர் கொடுமையைத் தடுக்கும் வேலி அன்று என்பதை அறிந்தால் போதும். கெத்செமனேக்கு வந்த கூட்டத்தைப் பட்டயங்களோடும் தடிகளோடும் அனுப்பியவர்கள் பிரதான ஆசாரியரும் மூப்பருமே (மாற்கு 14:43).

6. சூளைக்கு முன்னும் பின்னும்

விருத்தாசலத்துப் பட்டறைக்காரர் ஒருவர் எனக்கு ஒன்று காட்டினார். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில் விரல் பட்டுப் பள்ளம் விழுந்தால், ஈரத் துணியால் தடவிச் சரிசெய்யலாம். உலர்ந்தாலும் நீரில் கரைத்து மறுபடி மண்ணாக்கலாம். சூளை ஏறி வெந்துவிட்டால் அது மண்ணாவதில்லை. மேலே மெருகு பூசலாம். அம்மெருகே பள்ளத்தில் தேங்கி அவ்விடத்தைக் கூடுதலாகக் காட்டும். எரேமியா இவ்விரண்டையும் அறிந்திருந்தார். பதினெட்டாம் அதிகாரத்தில் குயவன் கையில் கெட்டுப்போன பச்சை மண் வேறு பாண்டமாகிறது. பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெந்த கலசம் உடைக்கப்படுகிறது, அதைச் செப்பனிட இயலாது.

சமூக ஆய்வாளர் வேறு வழியில் இதையே அணுகினர். பிள்ளையின் சிறு தவற்றுக்குக் குற்றவாளி என்னும் பெயரைச் சுற்றத்தார் கூடிச் சூட்டும்போது அப்பெயரே அவனை உருவாக்குகிறது என்று பிராங்க் டானன்பாம் 1938இலேயே எழுதினார். எடின்பரோவில் 1998இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஏறத்தாழ 4,300 பிள்ளைகளை லெஸ்லி மக்காராவும் சூசன் மக்வீயும் பல்லாண்டு தொடர்ந்து ஆய்ந்தனர். காவலர் ஒருமுறை அறிந்த பிள்ளைகளே மீண்டும் மீண்டும் பிடிபட்டனர் என்றும், நீதி அமைப்புக்குள் ஆழமாக இழுக்கப்பட்டோர் தவற்றை விட்டு விலகுவது கடினமாயிற்று என்றும் 2007இல் அவர்கள் எழுதினர். நியூயார்க்கில் 1,200க்கு மேற்பட்ட இளைஞரிடம் கேட்டறிந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, தெருவில் அடிக்கடி நிறுத்திச் சோதிக்கப்பட்டவரிடம் பதற்றமும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் மிகுந்திருந்தன என்று கண்டது. அவர்களில் பலர் கைதானதுகூட இல்லை.

இவ்விடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றை அறிக்கையிட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய சபையில், திடப்படுத்தல் வகுப்பிலிருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன், வேலை செய்த பட்டறையில் செம்புக் கம்பி காணாமற்போனதன்பேரில் ஓரிரவு காவல் நிலையத்தில் வைக்கப்பட்டான். மறுநாள் காலை அனுப்பிவிட்டார்கள். கம்பி வேறிடத்தில் அகப்பட்டது. அவன் பட்டது ஓர் அறையும், பனியனோடு விடியுமட்டும் தரையில் உட்கார்ந்திருந்ததும், வெற்றுத்தாளில் வைத்த கைரேகையுமே. ஆனால் செய்தி தெளியும்வரை அவன் பெயரை அவ்வாண்டுப் பட்டியலிலிருந்து நிறுத்திவைப்போம் என்று மூப்பர் கூறினர். நான் இசைந்தேன். அடுத்த ஆண்டு அவன் திடம்பெற்றான்; சபையாருக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று அவன் சொந்தமாகச் சிறு பட்டறை நடத்துகிறான். சில ஆண்டுகளுக்கு முன் அவனுடைய வண்டி களவு போயிற்று. புகார் எழுதிக்கொடுக்கத் தனியே போக இயலாமல், “ஐயா, நீங்களும் கூட வரமுடியுமா?” என்று என்னிடம் வந்தான். சென்றோம். காவல் நிலையப் படியில் ஒருவரும் சொல்லாமலே அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளிருந்த அலுவலர் இளையவர். மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. திரும்பும் வழியில், “அந்த ராத்திரியைவிட, ஞாயிற்றுக்கிழமை நீங்க என் பேரை வாசிக்காம விட்டதுதான் ஐயா மறக்கமாட்டேங்குது” என்றான். அவனுக்கு நான் சொன்ன விடை எதுவும் நினைவில் இல்லை. சொல்லத்தக்கதாக எதுவும் இருந்திருக்காது.

காவலர் விரல் பச்சை மண்ணில் பதிந்தது. அதைச் சூளையில் ஏற்றியது சபை.

மனிதன் பீங்கான் அல்லன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடின்பரோ ஆய்வும் எல்லாரும் கெட்டனர் என்று கூறவில்லை. மண்பாண்டங்களில் இப்பொக்கிஷத்தைப் பெற்றிருக்கிறோம் என்னும் கருத்தைப் பவுல் எழுதும்போது (2 கொரிந்தியர் 4:7), பாண்டம் பழுதற்றது என்று அவர் கூறவில்லை. தழும்போடும் பயன்படும் பாண்டங்கள் உண்டு. உயிர்த்தெழுந்த ஆண்டவரே தழும்புகளைக் களையவில்லை.

7. நமக்குரிய கடமை

சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைக் காவல் நிலையப் பூட்டறையிலோ சிறையிலோ வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். காவல் நிலையம்தோறும் குழந்தைகள் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் பிள்ளைக்குக் கைவிலங்கு பூட்டுவதைத் தடுக்கின்றன. இவை எழுத்தில் உள்ளவை. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்ததும், அவனை அடித்ததாக இல்லப் பணியாளர் அறுவர் கைதானதும் எழுத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தைக் காட்டும். சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் நம் நாடு 1997இல் கையொப்பமிட்டது. அதை ஏற்புறுதி செய்யவில்லை.

ஆயருக்குரியவை மூன்று என்பேன். முதலாவது, சபையின் பிள்ளையோ சேரியின் பிள்ளையோ பிடிபட்டான் என்று கேட்டால் அன்றிரவே செல்ல வேண்டும். அப்பிள்ளை குற்றமற்றவனா என்பதை அறிந்தபின் செல்வோம் என்பது பவுலின் வழி. முன்பே செல்வது பர்னபாவின் வழி. இரண்டாவது, திரும்பி வந்தவனைத் திருப்பந்தி, வகுப்பு, பாடகர் குழு ஆகியவற்றில் அவனுடைய இடத்தில் அப்படியே வைக்க வேண்டும். பட்டியலிலிருந்து ஒரு பெயரை நிறுத்திவைப்பது நமக்கு ஒழுங்குமுறை; அவனுக்கோ இரண்டாவது கைது.

மூன்றாவது கடினமானது. நம் இருக்கைகளில் காவலரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் ரோமர் பதின்மூன்றை மட்டுமே பிரசங்கித்து வந்திருக்கிறோம். தம்மிடம் வந்த போர்ச்சேவகருக்கு யோவான்ஸ்நானன், எவரையும் வருத்தாமலும் பொய்க்குற்றம் சாட்டாமலும் இருக்கக் கற்பித்தார் (லூக்கா 3:14). அவர்கள் தொழிலை விடும்படி அவர் கேட்கவில்லை. தொழிலின் நடுவிலே மனந்திரும்பக் கேட்டார். பிலிப்பியின் சிறைக்காரன் அவ்விரவிலேயே கைதிகளின் காயங்களைக் கழுவி, அதன்பின் ஞானஸ்நானம் பெற்றான் (அப்போஸ்தலர் 16:33). இவ்வரிசையை நாம் கவனிக்க வேண்டும். காயம் கழுவப்பட்ட நீர் முன்னே. திருமுழுக்கின் நீர் பின்னே. நீண்ட வேலை நேரமும் மேலதிகாரியின் வசையும் சுமக்கும் காவலருக்கும் ஆயர் வேண்டும். அவருக்குச் சொல்லப்படும் ஆறுதல் இக்கழுவுதலைத் தவிர்த்து வருமாயின் அது நற்செய்தி ஆகாது.

‘ஜெய் பீம்’ நம் இறையியல் மாணவர் காண வேண்டிய படம். கண்டபின் விளக்கை ஏற்றி, அல்லியைப்பற்றிப் பேச வேண்டும். நாற்காலியில் அமர்ந்த அச்சிறுமி, பத்து ஆண்டு கழித்து ஒரு காவல் நிலையப் படியில் நிற்கும்போது செருப்பைக் கழற்றுவாளா என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை திரையில் இல்லை. அவள் வளரும் ஊரில் ஒரு பர்னபா இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது அது. அத்தகைய ஒருவரை ஆயத்தப்படுத்தத்தான் இறையியற் கல்லூரிகள் இருக்கின்றன.